படிப்பு இல்லாததால்தான் ஆப்பிரிக்காவில் பிரசவத்தில் சாகிறார்களா?

மார்த்தாண்டத்துக்காரன் | 3 ஜூன் 2025, மாலை 6:12

நம்ம குமரி மாவட்டத்தில் பிரசவத்தில் தாய் செத்தாள் என்று கேள்விப்படுவதே அபூர்வம். காரணம் ஒன்றுதான், படிப்பு. மிஷனரிமார் காலத்திலேயே இங்கே பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். உலகத்தில் இன்னும் தினமும் 800 பெண்கள் பிரசவத்தில் சாகிறார்கள், பெரும்பாலும் ஆப்பிரிக்காவில். எங்கள் சபையில் மலாவி நாட்டு ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் காணிக்கை பிரிக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கு எதுக்கு, பள்ளிக்கூடத்துக்குக் கொடுங்கள், படித்தால் எல்லாம் தானே சரியாகும் என்று நான் சொன்னேன். சரிதானே?

பழைய லேப்காரன் | 3 ஜூன், இரவு 10:40

சரியில்லை.

முதலில் எண்ணிக்கை. 800 என்பது 2020-ஆம் ஆண்டுக் கணக்கு. இந்த ஏப்ரலில் உலக சுகாதார நிறுவனமும் மற்ற ஐ.நா. அமைப்புகளும் வெளியிட்ட 2023 கணக்கில் ஆண்டுக்குச் சுமார் 2,60,000 பேர். நாளுக்கு 700-க்கு மேல். பத்தில் ஏழு பேர் சகாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளில். ஆப்பிரிக்கா என்று சொன்னது மட்டும் சரி.

நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் ஓடுகிறது. பிள்ளை பிறந்தபின் கருப்பை இறுகவில்லை என்றால் அந்த ரத்தம் வெளியே வரும். எம்.ஏ. படித்தவளுக்கும் கைநாட்டுக்காரிக்கும் ஒரே வேகம்தான். மீதி நாளைக்கு.

பழைய லேப்காரன் | 4 ஜூன், காலை 7:05

படிப்பு வாதத்துக்கு ஒரு நாட்டையே எதிர்சாட்சியாக நிறுத்தலாம். இங்கிலாந்து. 1930-களில் அங்கே எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் 1934 வரைக்கும் லட்சம் பிரசவத்துக்கு 400-க்கு மேல் தாய்மார் செத்துக்கொண்டிருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டு பிறந்து முப்பத்துச் சொச்சம் வருஷம் அந்த எண் அசையவே இல்லை. அந்தக் காலத்தில் குழந்தைச் சாவு மளமளவென்று குறைந்தது, தாய்ச் சாவு குறையவில்லை.

பிறகு என்ன நடந்தது? 1935-இல் எர்கோமெட்ரின் பிரித்தெடுத்தார்கள், கருப்பையை இறுக்கும் மருந்து. 1936-இல் லண்டன் குயின் சார்லட்ஸ் ஆஸ்பத்திரியில் லெனார்ட் கோல்புரூக் பிரசவக் காய்ச்சலுக்கு சல்ஃபா மருந்து கொடுத்துப் பார்த்தார். பின்னாலேயே ரத்த வங்கி, பெனிசிலின். எண் பொத்தென்று விழுந்தது.

மலாவியில் 2015-16 கணக்கெடுப்பில் லட்சத்துக்கு 439. ஏறக்குறைய 1934-ஆம் வருஷத்து இங்கிலாந்து.

பழைய லேப்காரன் | 4 ஜூன், இரவு 9:30

"நீங்கள் யார், டாக்டரா?" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். இல்லை. ரத்த வங்கி டெக்னீஷியன். இந்த மாவட்டத்தில் அரசு வேலை, பிறகு விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு தெற்கு மலாவியில் ஷீரே ஆற்றுப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி லேபில் சில வருஷம். இப்போது திருவட்டாறு பக்கம் வாழைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு சும்மா இருக்கிறேன். லேபர் வார்டுக்குள் எனக்கு வேலை கிடையாது. கதவுக்கு வெளியே நிற்கிறவர்களைத்தான் நான் பார்த்தேன். புருஷன்மார், அப்பாமார், கொழுந்தன்மார்.

அந்தக் கதவுக்கு வெளியே படிப்பு என்ன செய்தது என்று சொல்கிறேன்.

எண்பதுகளில் ஒரு ராத்திரி, இங்கேதான். ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு ரத்தம் வேண்டும். ஒருத்தியின் புருஷன் பள்ளிக்கூட வாத்தியார். "ஒரு டீ குடிச்சிட்டு வாறேன் சார்" என்று போனவர் விடிந்தபிறகு மாமனாரைக் கூட்டிக்கொண்டு வந்தார். மாமனாருக்கு அறுபது வயசுக்கு மேல். இன்னொருத்தியின் புருஷன் குளச்சல் பக்கம் கடல் தொழில். வந்ததும் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டான். "எனக்க ரத்தம் சேருமா சார்? சேரல்லேண்ணா எனக்க வள்ளத்துல உள்ளவங்க வெளிய நிக்காங்க, அவங்களுக்க ரத்தத்த எடுங்க." வெளியே போய்ப் பார்த்தால் உண்மையிலேயே ஒரு கூட்டம், கைலியோடு, மீன் வாடையோடு.

வாத்தியாரின் மனைவியும் பிழைத்தாள். காசு கொடுத்து ரத்தம் வாங்கினார்கள். அப்போது ரத்தம் விற்பதற்கென்றே ஆஸ்பத்திரி வாசலில் ஆள் நிற்பார்கள், போதை தெளியாத கண்ணோடு சிலர். 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, 1998 ஜனவரி 1 முதல் அந்த வியாபாரம் நாடு முழுக்கத் தடை. இன்றைக்கு ரசிகர் மன்றப் பையன்மாரும் கோயில் விழாக் கமிட்டியும் முகாம் நடத்துகிறார்களே, அது அதற்குப் பிறகு மெதுவாக உண்டான பழக்கம்.

மலாவியிலும் இதே கதவு, இதே முகம். அங்கே நோயாளியோடு துணைக்கு வருகிறவர்கள் ஆஸ்பத்திரி வளாகத்திலேயே ஒரு கொட்டகையில் தங்கி மக்காச்சோளக் களி கிண்டிக்கொண்டு கிடப்பார்கள். ரத்தம் என்றால் கொட்டகை காலி. கொடுத்தால் பலம் போய்விடும், அந்த ரத்தத்தை வெள்ளைக்காரன் விற்றுவிடுவான், ஹெச்.ஐ.வி. இருக்கிறதா என்று பார்த்து ஊரெல்லாம் சொல்லிவிடுவார்கள் என்று பயம். கடைசிப் பயம் நியாயமானது. என் மேசையிலிருந்து முடிவு கதவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதே பெரும்பாடு.

பழைய லேப்காரன் | 5 ஜூன், மதியம்

"அப்போ பிளட் பேங்க் கட்டினால் போதுமா?" போதாது. கட்டடத்துக்கு ரத்தம் ஊறாது.

மலாவியில் ரத்தம் கொடுப்பவர்களில் பாதிக்கு மேல் உயர்நிலைப்பள்ளிப் பிள்ளைகள். டிசம்பரில் பள்ளி அடைப்பார்கள். அப்போதுதான் மழை தொடங்கும், கொசு பெருகும், மலேரியா வரும், ஃப்ரிட்ஜ் காலியாகும். விடுமுறையும் நோயும் கைகோத்து வருகிற ஊர். (ஆக, பள்ளிக்கூடத்துக்குக் காணிக்கை கொடுத்தால் ரத்தமாவது கிடைக்கும். மார்த்தாண்டத்துக்காரருக்கு அரை மார்க்.)

பழைய லேப்காரன் | 9 ஜூன், இரவு

பிரசவம் என்று ஆரம்பித்தது, குழந்தைக்கு வந்தாக வேண்டும். ரத்தம் அங்கே யாருக்குப் போகிறது என்று பார்த்தால் நம்ம கணக்கு தலைகீழாகிவிடும்.

பணக்கார நாடுகளில் ரத்தம் ஏற்றிக்கொள்பவர்களில் முக்கால்வாசிப்பேர் அறுபது வயது தாண்டியவர்கள். இதய ஆபரேஷன், புற்றுநோய். ஏழை நாடுகளில் பாதிக்கு மேல், 54 சதவீதம் வரை, ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு. மலேரியாக் கிருமி சிவப்பணுவை உடைத்து உடைத்து, ஹெச்.பி. (ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் அளவு) மூன்றுக்கு வந்து நிற்கும் பிள்ளை. விரலைக் குத்தி எடுத்தால் கழுவின மீன் தண்ணீர் போல ஒரு நிறம். பிள்ளை அழாது, அழுவதற்குப் பெலன் இருக்காது.

பெரியவர் ஒருவர் கொடுக்கிற பையில் 450 மில்லி. எட்டுக் கிலோ பிள்ளைக்கு, கிலோவுக்கு 20 மில்லி வீதம் போட்டால், 160 போதும். ஆகவே ஒரு பையைக் குழாயில் வெப்பம் வைத்து ஒட்டி ஒட்டி இரண்டாக, சில நாள் மூன்றாகப் பிரிப்பேன். பிரசவ வார்டிலிருந்து கிளினிக்கல் ஆபீசர் (டாக்டர் படிப்பு இல்லாமல், பயிற்சி பெற்று வைத்தியம் பார்ப்பவர்) ஓடி வருவார், "ஓ பாசிட்டிவ் இரண்டு வேண்டும்." பிள்ளை வார்டிலிருந்து சிஸ்டர் நிற்பாள். ஃப்ரிட்ஜில் இருப்பதே இரண்டு. யாருக்கு என்று நான் முடிவு செய்யக்கூடாது, ஆனால் பையைக் கையில் எடுப்பது நான்தான். தாய்க்குத்தான் கொடுப்போம், நிமிடக் கணக்கு என்பதால். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு இஷ்டமில்லை.

2019-இல் டிராக்ட் என்ற ஆய்வு வந்தது. உகாண்டாவிலும் மலாவியிலும் செய்தார்கள். ஹெச்.பி. நான்குக்கும் ஆறுக்கும் இடையில் இருந்து, மூச்சுத்திணறல், மயக்கம் போன்ற ஆபத்தான அறிகுறி எதுவும் இல்லாத பிள்ளைகளுக்கு உடனே ரத்தம் ஏற்றினாலும், காத்திருந்து கவனித்துத் தேவைப்பட்டால் ஏற்றினாலும், சாவு எண்ணிக்கையில் வித்தியாசம் இல்லை. காத்திருந்தவர்களில் பாதிப்பேருக்கு ரத்தமே தேவைப்படவில்லை. அப்படியானால் எத்தனை பை மிச்சமாகியிருக்கும் என்று மட்டும்தான் எனக்கு ஓடியது.

பழைய லேப்காரன் | 10 ஜூன்

கீழே ஒரு தம்பி, "பணக்கார நாட்டு முறையை அப்படியே கொண்டு போனால் தீர்ந்தது" என்கிறார். தம்பி, 2011-இல் ஃபீஸ்ட் ஆய்வு. கென்யா, உகாண்டா, டான்சானியா. கடுமையான தொற்றோடு, ரத்த ஓட்டம் குறைந்து வந்த பிள்ளைகளுக்கு நரம்பில் வேகமாக திரவம் ஏற்றுவது எல்லாப் புத்தகத்திலும் எழுதியிருந்த முறை. அப்படி ஏற்றிய பிள்ளைகளில் 48 மணி நேரத்தில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் இறந்தன. வேகமாக ஏற்றாத பிள்ளைகளில் ஏழு. புத்தகம் எழுதப்பட்ட இடத்தில் ஐ.சி.யு. இருந்தது, ரத்தசோகை இல்லை.

பழைய லேப்காரன் | 15 ஜூன், ஞாயிறு

மிஷனரி விஷயத்துக்கு வருகிறேன். இன்றைக்கு ஆராதனை முடிந்ததும் இதைப் பற்றித்தான் பேச்சு, இழை வெளியேயும் பரவிவிட்டது போலிருக்கிறது.

நெய்யூரில் லண்டன் மிஷன் சங்கம் மருத்துவப் பணி தொடங்கியது 1838-இல், டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே. அதே சங்கம் அனுப்பி ஆப்பிரிக்காவுக்குப் போனவர்தான் லிவிங்ஸ்டன். மலாவியில் 1875, 76-லேயே ஸ்காட்லாந்து மிஷன்கள் வந்துவிட்டன. பிளான்டயர் என்ற பட்டணத்தின் பெயரே லிவிங்ஸ்டன் பிறந்த ஊரின் பெயர். அவர்களும் பள்ளிக்கூடம் நடத்தினார்கள், அவர்களும் வேதம் படித்தார்கள். மிஷன் பள்ளிக்கூடம்தான் மருந்து என்றால் இரண்டு ஊரும் ஒரே மாதிரி ஆகியிருக்க வேண்டுமே?

நாம் திருவிதாங்கூரில், 1949-க்குப் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தோம், 1956 நவம்பர் 1 வரைக்கும். மேரி புன்னன் லூக்கோஸ் 1916-இல் திருவனந்தபுரம் தைக்காடு பெண்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து, மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுத்து, 1938-இல் சமஸ்தானத்தின் சர்ஜன் ஜெனரல் ஆனார். நாகர்கோவில் காசநோய் ஆஸ்பத்திரி அவர் தொடங்கியது. 1952-இல் திருவனந்தபுரத்திலேயே எஸ்.ஏ.டி. என்ற பெண்கள், பிள்ளைகள் ஆஸ்பத்திரி. விளவங்கோடு பக்கத்து ஆட்களுக்கு இன்றைக்கும் சிக்கலான கேஸ் என்றால் கை தானாக வடக்கே திரும்பும். பிறகு தமிழ்நாட்டில் சேர்ந்ததால் கிராம சுகாதார செவிலியர், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ராத்திரியும் நர்ஸ், 2008-லிருந்து 108 வண்டி, முத்துலட்சுமி ரெட்டி உதவித்தொகை. இரண்டு அரசாங்கத்தின் நல்லதும் நமக்குக் கிடைத்தது. இதில் நம்ம சாமர்த்தியம் கொஞ்சம்தான்.

படிப்பு வேண்டாம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. 1979-இல் ஜான் கால்ட்வெல் நைஜீரியக் கணக்கை வைத்துக் காட்டியது இன்றைக்கும் நிற்கிறது. தாய் படித்திருந்தால் பிள்ளை பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறது, அப்பாவின் வருமானத்தை விட அதிகமாகவே. வயிற்றுப்போக்குக்கு உப்பு-சர்க்கரைக் கரைசல், தடுப்பூசி, கொதித்த தண்ணீர் எல்லாம் தாயின் கையில் உள்ளவை. ரத்தப்போக்கு தாயின் கையில் இல்லை. அவள் அப்போது படுத்துக் கிடக்கிறாள்.

பழைய லேப்காரன் | 15 ஜூன், சாயங்காலம்

இலங்கையை விட்டுவிட்டேன் என்று ஒருவர். ஆமாம், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. களுத்துறையில் 1926-இல் முதல் சுகாதாரப் பிரிவு. அதிலிருந்து ஊருக்கு ஒரு பயிற்சி பெற்ற மருத்துவச்சி. பணக்கார நாடு ஆவதற்கு ரொம்ப முன்னாலேயே தாய்ச் சாவைக் குறைத்துக் காட்டினார்கள்.

பழைய லேப்காரன் | 18 ஜூன்

ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும் வழி பற்றிக் கேட்டவருக்கு. பேச்சிப்பாறை அணைக்கு அந்தப்பக்கம் காணிக்காரர் என்ற மலைவாழ் மக்களின் குடியிருப்புகளிலிருந்து வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். முதலில் நடை, பிறகு படகு, பிறகு ஜீப். மழை பிடித்தால் யானை. கீழே குலசேகரம் வந்து சேரும்போதே பெற்றவள் ரத்தம் போய் வெளுத்திருப்பாள். மாவட்டக் கணக்கில் எல்லாம் நன்றாகத்தான் தெரியும், அந்த ஒரு படகுத்துறையில் மலாவி இருக்கிறது. நாள் நெருங்கியதும் கீழே வந்து ஆஸ்பத்திரி பக்கத்தில் தங்குவதுதான் வழி. மலாவியிலும் அதற்கென்று காத்திருப்பு வீடுகள் உண்டு. போய்த் தங்க மாட்டார்கள். வீட்டில் மற்ற பிள்ளைகளுக்குக் களி யார் கிண்டுவது?

2007-இல் மலாவி அரசு, ஊரில் உள்ள பாரம்பரிய மருத்துவச்சிகள் பிரசவம் பார்ப்பதைத் தடை செய்தது, 2010-இல் ஜனாதிபதியே அந்தத் தடையைத் தளர்த்தினார். ஊர்த்தலைவர்கள் தங்கள் பங்குக்கு, வீட்டில் பெற்றால் ஆடு அபராதம் என்று சட்டம் போட்டார்கள். ஆடு கொடுக்க வழியில்லாதவள் பிள்ளை பெற்றதையே மறைத்தாள், தடுப்பூசிக்கும் வரவில்லை. நம்ம ஊரில் பேறு பார்க்கும் வயத்தாட்டிமாரை யாரும் அபராதம் போட்டு ஒழிக்கவில்லை. பக்கத்தில் நர்ஸம்மா வந்தாள், இவர்களுக்கு வயசாகிவிட்டது, பெற்றவளைக் குளிப்பாட்டவும் பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கவும் மட்டும் கூப்பிட்டார்கள். என் அம்மாவுக்குப் பேறு பார்த்த பாட்டி கடைசிவரை ஒவ்வொரு பண்டிகைக்கும் வீட்டுக்கு வந்து முறைப்படி சேலை வாங்கிக்கொண்டு போவார்.

மலாவியின் ஜனாதிபதியாக இருந்த ஜாய்ஸ் பாண்டா (2012 முதல் 2014 வரை) தனக்கே பிரசவத்தில் ரத்தப்போக்கு வந்து பிழைத்ததைப் பொதுமேடையில் சொன்னவர். கணவரின் தெரிந்த டாக்டர் ஒருவர் ஓடி வந்ததால் பிழைத்தேன் என்பார். தெரிந்த டாக்டர் இல்லாதவளைப் பற்றித்தான் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

பழைய லேப்காரன் | 22 ஜூன், இரவு 11

மைனி இழையைப் படித்துவிட்டாள். அண்ணன் மனைவி, ஆயுசு முழுக்க லேபர் வார்டில் இருந்த நர்ஸ். மரச்சீனியும் சாளைக் கறியும் போட்டுவிட்டு ஒரு பிடி பிடித்தாள்.

"நீ ரத்தம் ரத்தம்ணு எழுதுதியே, போற ரத்தத்த முதல்ல அளக்க வேண்டாமா? ரத்தம் கேட்டு உனக்க கிட்ட சீட்டு வாறதுக்கு முன்னாடி எவ்வளவு போச்சுண்ணு நாங்க எப்படிக் கண்டுபிடிச்சோம் தெரியுமா? கண்ணால."

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பனிக்குடத் தண்ணீர், மூத்திரம், ரத்தம் எல்லாம் ஒன்றாகக் கலந்து வாளியில் விழும். பாதி பஞ்சிலும் துணியிலும் ஊறும். கொஞ்சம் முதுகுக்கு அடியில் போய்த் தேங்கும், புரட்டிப் பார்த்தால்தான் தெரியும். எட்டிப் பார்த்து "ஒரு முந்நூறு மில்லி இருக்கும்" என்பார்கள். உண்மையில் எழுநூறு போயிருக்கும். 500 தாண்டினால் ஆபத்து என்று எல்லாருக்கும் தெரியும், 500 எப்போது தாண்டியது என்பது யாருக்கும் தெரியாது. நாடித்துடிப்பு எகிறிய பிறகுதான் ஓட்டம்.

இப்போது அதற்கு ஒரு பிளாஸ்டிக் விரிப்பு இருக்கிறது. பிள்ளை பிறந்ததும் இடுப்புக்குக் கீழே விரிப்பார்கள். முனை கீழே தொங்கும் பை மாதிரி, அதில் அளவுக் கோடு போட்டிருக்கும். ரத்தம் கோட்டைத் தொட்டால் யாரையும் கேட்க வேண்டாம், நர்ஸே உடனே வயிற்றைத் தேய்த்துக் கருப்பையை இறுக்கி, கருப்பையை இறுக்கும் ஆக்ஸிடோசின், உறைந்த ரத்தம் கரையாமல் காக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம், நரம்பில் திரவம், கிழிசல் இருக்கிறதா என்ற பரிசோதனை, இவ்வளவையும் ஒரே மூச்சில் செய்வாள். ஒன்றைச் செய்து பலன் பார்த்து அடுத்தது என்று காத்திருப்பது கிடையாது. இ-மோட்டிவ் என்று பெயர். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, டான்சானியாவில் 80 ஆஸ்பத்திரிகள், இரண்டு லட்சத்துக்கு மேல் பிரசவம், 2023-இல் முடிவு வந்தது. கடுமையான ரத்தப்போக்கு, அதற்கான வயிற்று ஆபரேஷன், சாவு எல்லாம் சேர்த்து, பழைய முறையில் 4.3 சதவீதம். இந்த முறையில் 1.6.

விரிப்பு ஒரு பிளாஸ்டிக் தாள். மருந்தெல்லாம் ஏற்கெனவே அலமாரியில் இருந்தவை.

லேபில் உட்கார்ந்து நான் ஃப்ரிட்ஜில் இல்லாத பையைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். மைனியின் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்தச் சீட்டே பாதி நாள் என்னிடம் வந்திருக்க வேண்டியதில்லை.

பழைய லேப்காரன் | 23 ஜூன்

ஆக்ஸிடோசினை எப்படி வைக்க வேண்டும் என்று மருந்துக் கடைக்காரத் தம்பி கேட்டதற்கு: ஆக்ஸிடோசின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மின்சாரம் போய்ப் போய் வருகிற ஊரில் குப்பி மேலே லேபிள் இருக்கும், உள்ளே வீரியம் இருக்காது. நர்ஸ் ஊசி போட்டுவிட்டு இறுகும் என்று காத்திருப்பாள். அதற்காகத்தான் அதே வேலையைச் செய்யும், ஆனால் சூட்டைத் தாங்கும் கார்பெடோசினை 2018-இல் சோதித்து முடிவு சொன்னார்கள். டிரானெக்ஸாமிக் அமிலம் ஜப்பானில் ஒகமோட்டோ தம்பதி 1962-இல் கண்டுபிடித்தது. பிரசவத்தில் பலன் தரும் என்று பெரிய ஆய்வு வந்தது 2017-இல்! பிள்ளை பிறந்து மூன்று மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

பழைய லேப்காரன் | 6 ஜூலை

"நம்ம ஊரில் பிரச்சினை நேர் எதிர், எல்லாம் சிசேரியன்" என்று அருமனையிலிருந்து ஒரு அக்கா. உண்மை. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவத்தில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியாரில் இன்னும் கூடுதல். ஒவ்வொரு ஆபரேஷனும் அடுத்த பிரசவத்தில் நஞ்சுக்கொடி பழைய தழும்பில் ஒட்டிக்கொள்ளும் ஆபத்தைக் கூட்டுகிறது. அப்படி ஒட்டினால் தேவைப்படுவது இரண்டு பை இல்லை, பத்து.

எனக்கு ஒரு பழைய ஆத்திரம் உண்டு. ஒரு தனியார் ஆஸ்பத்திரியிலிருந்து எல்லா சிசேரியனுக்கும் "இரண்டு யூனிட் தயாராக வைக்கவும்" என்று அச்சடித்த சீட்டு வரும். கிராஸ்மேட்ச் பண்ணி (நோயாளியின் ரத்தத்தோடு சேருமா என்று பார்த்து) அந்தப் பெயருக்கு ஒதுக்கி வைத்தால் வேறு யாருக்கும் கொடுக்க முடியாது. தொடாமல் திரும்பி வரும். முழு ரத்தத்துக்கு ஆயுள் 35 நாள். இப்படி இரண்டு மூன்று பெயருக்குச் சும்மா கிடந்தே பாதி நாள் கழிந்துவிடும். மலாவியில் ஒரு பையை மூன்றாகப் பிரித்தவனுக்கு, இங்கே காலாவதிப் பையைச் சூடாக்கி அழிக்கக் கொடுத்தது ஞாபகம் வரும்போது என்னவோ பண்ணும்.

அங்கே மாவட்ட ஆஸ்பத்திரிகளில் சிசேரியன் பெரும்பாலும் செய்வது எம்.பி.பி.எஸ். டாக்டர் இல்லை, கிளினிக்கல் ஆபீசர். நம்ம ஊரில் இதைச் சொன்னால் கேஸ் போடுவார்கள்.

பழைய லேப்காரன் | 7 ஜூலை

சிரிக்க ஒன்று. பிளான்டயர் குயின் எலிசபெத் ஆஸ்பத்திரியில் குறைமாதப் பிள்ளைகளின் மூச்சுக்கு ஒரு குமிழிக் கருவி, பூமானி என்று பெயர். அமெரிக்காவில் மாணவர்கள் முதலில் செய்து பார்த்தபோது உள்ளே இருந்தது மீன்தொட்டிக்குக் காற்றடிக்கும் பம்ப். ஆய்வில் அதைப் பயன்படுத்திய பிள்ளைகளில் 71 சதவீதம் பிழைத்தன, வெறும் ஆக்ஸிஜன் வைத்தவற்றில் 44. இதைக் கேட்டதிலிருந்து என் பேரன் அவன் மீன்தொட்டியைப் பார்த்து "தாத்தா, இது ஆஸ்பத்திரி சாமானா?" என்கிறான்.

பழைய லேப்காரன் | 20 ஜூலை

ரத்ததான முகாமுக்குப் போயிருந்தேன், பழக்கம் விடாது. காப்பர் சல்பேட் கரைசல், நீல நிறம், கண்ணாடிக் குவளையில். விரல் ரத்தத்தை ஒரு சொட்டு மேலிருந்து விடுவோம். பதினைந்து வினாடிக்குள் கீழே இறங்கினால் ஹெச்.பி. 12.5 இருக்கிறது, கொடுக்கலாம். மேலே நின்று தயங்கித் தயங்கி மிதந்தால் இல்லை. கல்லூரிப் பெண்பிள்ளைகள் வரிசையாக வந்து நின்றார்கள், ஆசையோடு. சொட்டு மிதந்தது, மிதந்தது, மிதந்தது. நல்ல செருப்பு, நல்ல போன், காலையில் ஒரு சாயா மட்டும். ஒருத்தி, "ஐயா, இன்னொரு தடவ பாருங்களேன்" என்றாள். பார்த்தேன். மிதந்தது.

அதே 2019-21 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. படித்த மாநிலம். ஹெச்.பி. 12 உள்ளவள் ஒரு லிட்டர் போனாலும் சமாளிப்பாள், 7 உள்ளவளுக்கு அரை லிட்டரே தாங்காது. விரிப்பில் ரத்தம் கோட்டைத் தொடுவதற்கு முன்னாலேயே அவள் தோற்றுவிட்டாள். மலாவியில் மலேரியாவும் கொக்கிப்புழுவும் செய்வதை இங்கே சாயாவும், தீட்டில் போகும் ரத்தமும், ரப்பர் தோட்டத்து ஈர மண்ணில் வெறுங்காலும் செய்கின்றன.

பழைய லேப்காரன் | 3 ஆகஸ்ட்

மார்த்தாண்டத்துக்காரர் இரண்டு மாதம் கழித்துத் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறார், பொதுவிலேயே பதில் சொல்லலாம் என்றும் எழுதியிருக்கிறார். காணிக்கையை ஆஸ்பத்திரிக்கே கொடுத்துவிட்டார்களாம். அங்கே கேட்டு எழுதுங்கள், விரிப்பும் டிரானெக்ஸாமிக் அமிலமும் இருக்கிறதா, குளிர்பெட்டிக்கு சூரிய மின்சாரம் உண்டா என்று. புது ஸ்கேன் மிஷின் என்று பதில் வந்தால் பழுது பார்க்க ஆள் இருக்கிறதா என்று மறுபடி கேளுங்கள்.

அடுத்த கேள்வி அவர் மகளைப் பற்றி. எம்.எஸ்ஸி. படித்த பிள்ளை, ஏழாம் மாதம், ஹெச்.பி. 9.1. இரும்புச்சத்து மாத்திரை குமட்டுகிறது என்று நிறுத்திவிட்டாள், பேரீச்சம்பழமும் முருங்கைக்கீரையும் போதும் என்று மாமியார் சொல்கிறாராம்.

போதாது. கீரை நல்லதுதான், சாப்பிடட்டும், ஆனால் இந்த மாதத்தில் கீரையால் 9-ஐ 11 ஆக்க முடியாது. மாத்திரையை ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போடச் சொல்லுங்கள். சாயா, காப்பி, கால்சியம் மாத்திரை எதுவும் கூடவே வேண்டாம், இரண்டு மணி நேரமாவது தள்ளி. எலுமிச்சைத் தண்ணீர் குடித்தால் நல்லது. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். அப்படியும் பிடிக்கவில்லை என்றால் நரம்பில் போடும் இரும்புச்சத்து ஊசி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே உண்டு, நர்ஸம்மாவிடம் இந்த வாரமே கேளுங்கள், பேற்றுக்கு நாள் குறைவு. பூச்சி மாத்திரை கொடுத்தார்களா என்றும் பாருங்கள்.

மகளின் ரத்த குரூப் எழுதவில்லையே? நெகட்டிவ் என்றால், பிள்ளையின் பாசிட்டிவ் ரத்தத்துக்கு எதிராகத் தாயின் உடம்பு திரும்பாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசியைப் பற்றி டாக்டரிடம் இப்போதே பேச வேண்டும். மருமகனுடைய குரூப்பையும் சேர்த்து அனுப்புங்கள்.